பெக்விஸ் மக்களின் நிலம் எங்கே போனது? முதலாம் ஒப்பந்தம், 1907 வாக்கெடுப்பு பற்றி ஒரு விவாதம்

செவ்வாற்றங்கரை எழுதியது:

கனடாவின் மனிடோபா மாகாணத் தலைநகர் வின்னிபெக்கில் எந்த நிகழ்ச்சி தொடங்கினாலும், பள்ளி ஆண்டு விழாவோ ஹாக்கி ஆட்டமோ, "நாம் முதலாம் ஒப்பந்த நிலத்தில் கூடியிருக்கிறோம்" என்று ஒருவர் தாளைப் பார்த்து வாசிப்பார். எல்லோரும் மரியாதையாக நின்று கேட்பார்கள். பிறகு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். 1871இல் கனடா அரசோடு அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட முதற்குடிகள் (அந்த மண்ணின் பூர்வகுடிகள்) என்ன ஆனார்கள் என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அதற்காகவே இந்த இழை.

ஒரே ஒரு சமூகத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பெக்விஸ். சோட்டோ மக்களும் (ஒஜிப்வே இனத்தின் மேற்குக் கிளை) சதுப்பு நிலக் கிரீ மக்களும் கலந்து வாழ்ந்த சமூகம். மனிடோபாவின் மிகப்பெரிய முதற்குடிச் சமூகங்களில் ஒன்று. இன்று வின்னிபெக்கிலிருந்து வடக்கே ஏறக்குறைய 190 கி.மீ. தள்ளி, ஃபிஷர் ஆற்றங்கரையில் இருக்கிறார்கள். ஆனால் அது அவர்கள் தேர்ந்தெடுத்த இடம் அல்ல.

பெக்விஸ் என்பது ஒரு தலைவரின் பெயர். 1790களில் பெரிய ஏரிகள் பக்கமிருந்து தன் கூட்டத்தோடு மேற்கே வந்து, செவ்வாறு (ரெட் ரிவர்) வின்னிபெக் ஏரியில் கலக்கும் இடத்துக்கு அருகே நெட்லி ஓடைக்கரையில் தங்கியவர். 1812இல் செல்கிர்க் பிரபு அனுப்பிய ஸ்காட்லாந்துக் குடியேறிகள் வந்திறங்கினார்கள். குளிர்காலத்துக்கு உணவில்லை, கூரையில்லை. அவர்களைத் தெற்கே பெம்பினாவுக்குக் கூட்டிப்போய் எருமைக் கறியில் பிழைக்க வைத்தது பெக்விஸின் ஆட்கள். 1816இல் செவன் ஓக்ஸ் மோதலில் ஆளுநர் செம்பிளும் இன்னும் இருபது பேரும் கொல்லப்பட்டபோது, களத்திலிருந்து உடல்களைத் தூக்கி வந்து புதைத்தவர்களும் அவர்கள்தான்.

1817 ஜூலை 18ஆம் தேதி செல்கிர்க் ஒப்பந்தம். சோட்டோ, கிரீ தலைவர்கள் ஐவர் கையொப்பமாகத் தங்கள் குலக்குறி விலங்குகளை வரைந்தார்கள். செவ்வாற்றின் இரு கரையிலும், அசினிபோயின் ஆற்றின் இரு கரையிலும் இரண்டு மைல் அகல நிலம். அந்த இரண்டு மைலை எப்படி விளக்கினார்கள் தெரியுமா? சமவெளியில் ஒரு குதிரையின் வயிற்றுக்கு அடியில் குனிந்து பார்த்தால் எவ்வளவு தூரம் வெளிச்சம் தெரிகிறதோ அவ்வளவு. கோட்டைகளைச் சுற்றி மட்டும் ஆறு மைல். பதிலுக்கு ஆண்டுதோறும் இரு குடிகளுக்கும் தலா 100 பவுண்டு நல்ல புகையிலை.

1871க்கு நாளை வருகிறேன். அதற்குள் கேள்வி இருந்தால் போடுங்கள்.

---

கணக்கர் எழுதியது:

நல்ல தொடக்கம். ஒரு இடத்தில் இடிக்கிறது. பெக்விஸே 1790களில்தான் வந்தார் என்கிறீர்கள். குடியேறிகள் 1812. இடையில் இருபது வருஷம் சொச்சம். அப்படியானால் "எங்கள் நிலம்" என்று யார் யாரிடம் சொல்வது?

---

செவ்வாற்றங்கரை எழுதியது:

நியாயமான கேள்வி. அன்றைய கிரீ மக்களே இதைக் கேட்டார்கள். இந்தச் சோட்டோக்கள் நம் விருந்தாளிகளாக வந்தவர்கள், நிலத்தைப் பற்றிப் பேச இவர்கள் யார் என்று செல்கிர்க் ஒப்பந்தத்துக்குப் பிறகு அவர்களிடையே முணுமுணுப்பு இருந்தது. நான் அதை மறைக்கப் போவதில்லை.

ஆனால் சோட்டோக்கள் கிரீ, அசினிபோயின் மக்களோடு உறவு வைத்து, பெண் கொடுத்துப் பெண் எடுத்து, சேர்ந்து வேட்டையாடி அங்கே இருந்தவர்கள். அந்த ஏற்பாட்டில் அவர்களுக்கு இடம் இருந்தது. செல்கிர்க் பிரபுவின் கையில் இருந்தது வேறு. 1811இல் ஹட்சன் பே கம்பெனி என்ற தோல் வணிக நிறுவனம் லண்டனில் உட்கார்ந்துகொண்டு அவருக்கு எழுதிக் கொடுத்த 1,16,000 சதுர மைலுக்கான காகிதம். கம்பெனிக்கு அந்த நிலம் எப்படி வந்தது? 1670இல் இரண்டாம் சார்லஸ் அரசர் கொடுத்த சாசனம். அரசருக்கு எப்படி வந்தது என்று கேட்காதீர்கள், அதற்கு மேல் படி இல்லை.

இன்னொன்று. பெக்விஸ் தன் கடைசிக் காலத்தில் பகிரங்கமாகவே எழுதினார்: நாங்கள் நிலத்தை விற்கவில்லை, இறுதிப் பேரம் எதுவும் நடக்கவில்லை என்று. 1860இல் செவ்வாற்றுக் குடியிருப்பிலேயே வெளிவந்த 'நார்வெஸ்டர்' பத்திரிகையில் இந்தச் சர்ச்சை ஓடியது. அந்தக் காலத்தில் அவர் ஞானஸ்நானம் பெற்று வில்லியம் கிங் ஆகியிருந்தார். பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயர் 'பிரின்ஸ்'. அப்பா ராஜா என்றால் பிள்ளைகள் இளவரசர்தானே!

---

பொடியன்77 எழுதியது:

அண்ணே, பெக்விஸ் தலைவரோட படத்தில அவருக்கு மூக்கு ஒரு மாதிரி இருக்கே, அது ஏன்?

---

செவ்வாற்றங்கரை எழுதியது:

1802 வாக்கில் ஒரு கைகலப்பில் மூக்கின் ஒரு பகுதியைக் கடித்து எடுத்துவிட்டார்கள். 'மூக்கறுந்த தலைவர்' என்று பழைய கடிதங்களில் வரும். சரி, மூக்கை விட்டு நிலத்துக்கு வருவோம்.

பெக்விஸ் 1864இல் இறந்தார். 1869–70இல் ஹட்சன் பே கம்பெனி தன் பரப்பு முழுவதையும் மூன்று லட்சம் பவுண்டுக்குக் கனடாவிடம் ஒப்படைத்தது. மெத்தீஸ் மக்கள் (முதற்குடி, ஐரோப்பியக் கலப்பில் வந்தவர்கள்) லூயி ரியெல் தலைமையில் எதிர்த்து எழுந்தார்கள். பெக்விஸின் மகன் ஹென்றி பிரின்ஸ் (அவர் மொழியில் மிஸ்கூகெனியூ, அதாவது 'செங்கழுகு') எந்தப் பக்கம் நின்றார்? கனடா பக்கம். 1869 டிசம்பரில் கனடா தரப்பின் கர்னல் டெனிஸுக்குத் துணையாகக் கீழைக் கேரி கோட்டையைக் காவல் காத்தது பெக்விஸ் மக்களின் குடியிருப்பான செயின்ட் பீட்டர்ஸின் ஆட்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1871 ஜூலை கடைசியில் அதே கோட்டைக்கு வெளியே ஏறத்தாழ ஆயிரம் பேர் கூடாரமடித்தார்கள். அரசு சார்பில் ஆணையர் வீமிஸ் சிம்ப்சன், துணைநிலை ஆளுநர் ஆடம்ஸ் ஆர்ச்சிபால்ட். பேச்சு தொடங்கும் முன்பே நின்றது. காரணம், நான்கு சதுப்பு நிலக் கிரீ ஆட்கள் ஹட்சன் பே கம்பெனியோடு செய்த வேலை ஒப்பந்தத்தை மீறியதாகச் சிறையில் இருந்தார்கள். நம் ஆட்கள் உள்ளே இருக்கும்போது எங்கள் முன்னால் மேகம் கவிந்திருக்கிறது, பேச முடியாது என்று ஹென்றி பிரின்ஸ் தரப்பு சொன்னது. ஆர்ச்சிபால்ட் அவர்களை விடுவித்தார். பிறகுதான் பேச்சு.

அந்த மக்கள் முதலில் கேட்டது மிகப் பெரிய நிலப்பரப்பு. மாகாணத்தின் மூன்றில் இரண்டு பங்கு ஆகிவிடும் என்று அதிகாரிகள் மறுத்தார்கள். சிம்ப்சன் தன் அறிக்கையில் எழுதிய விஷயம் இதுதான்: நீங்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் குடியேறிகள் வந்து நாட்டை நிரப்பத்தான் போகிறார்கள், இங்கே கூடியிருக்கும் உங்கள் மொத்தத் தொகையைப் போல இரண்டு மடங்கு ஆண்டுதோறும் வருவார்கள் என்று அவர்களிடம் சொன்னோம் என்கிறார். இதைச் சொன்ன பிறகு நடப்பது பேரமா, அறிவிப்பா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஆகஸ்ட் 3 அன்று கையெழுத்து. ஐந்து பேர் குடும்பத்துக்கு 160 ஏக்கர். தலைக்கு மூன்று டாலர் ஆண்டுத்தொகை. கேட்கும்போது ரிசர்வில் (முதற்குடிகளுக்கென ஒதுக்கிய நிலத்தில்) பள்ளிக்கூடம். ரிசர்வில் மது விற்கத் தடை.

---

யாழினி_ஸ்கார்பரோ எழுதியது:

உழுகருவி, மாடு எல்லாம் குடுக்கிறதாச் சொன்னவையெண்டு எங்கயோ வாசிச்ச ஞாபகம். அது ஒப்பந்தத்தில இல்லையே?

---

செவ்வாற்றங்கரை எழுதியது:

இல்லை அக்கா, அதுதான் விஷயமே. கலப்பை, பரம்பு, காளை, பசு, பன்றி, தலைவர்களுக்கு உடுப்பு, குதிரை வண்டி எல்லாம் வாயால் சொல்லப்பட்டன. கையெழுத்தான தாளில் ஒரு வரி இல்லை. அதிகாரிகள் தனியாக ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தார்கள், அதில் இருந்தது. 'வெளி வாக்குறுதிகள்' என்று பின்னால் பெயர் வந்தது அதற்குத்தான். மக்கள் ஆண்டுத்தொகை வாங்க மறுத்துத் தகராறு செய்தார்கள். 1875இல் அரசு இறங்கி வந்தது: குறிப்பில் உள்ளதைத் தருகிறோம், தொகையை ஐந்து டாலராக்குகிறோம், ஆனால் இதை வாங்கினால் வேறு எந்த வாய்மொழிக் கோரிக்கையும் இனிமேல் கிடையாது.

அந்த ஐந்து டாலர் இன்றும் ஐந்து டாலர்தான். ஒப்பந்த நாளன்று சிவப்புக் கோட்டுப் போட்ட மவுண்டட் போலீஸ் பக்கத்தில் நிற்க, அதிகாரி புது நோட்டை எண்ணிக் கொடுப்பார்.

---

கணக்கர் எழுதியது:

ஐந்து டாலருக்கு இன்று ஒரு காபி வரும். ஆனால் ஒப்பந்தத்தில் விலைவாசிக்கு ஏற்ப உயர்த்துவோம் என்று எழுதவில்லையே. கையெழுத்துப் போட்டாயிற்று. இதைத்தான் உலகெங்கும் ஒப்பந்தம் என்று சொல்வார்கள்.

---

வழக்குரை எழுதியது:

கணக்கர் சார், இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். எழுதியதை மட்டும் பார்ப்பது வாடகை ஒப்பந்தத்துக்குச் சரி. முதற்குடி ஒப்பந்தங்களைக் கனடிய நீதிமன்றங்களே அப்படிப் படிப்பதில்லை. இரு தரப்பும் அன்று எப்படிப் புரிந்துகொண்டார்கள், வாய்மொழியாக என்ன சொல்லப்பட்டது, இதையெல்லாம் பார்க்க வேண்டும், ஐயம் வந்தால் அந்த மக்களுக்குச் சாதகமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்பது உச்ச நீதிமன்றம் வகுத்த விதி.

ஆண்டுத்தொகை விஷயத்திலேயே பாருங்கள். ஒன்டாரியோவில் 1850 ராபின்சன் ஒப்பந்தங்கள். தலைக்கு நாலு டாலரில் 1875இலிருந்து நின்றுவிட்டது. அங்கே நிலத்தின் வருமானம் கூடினால் தொகையும் கூடும் என்று தாளிலேயே ஒரு பிரிவு இருந்தது. அவற்றில் ஹ்யூரான் ஏரிப் பக்க ஒப்பந்தக் குடிகளுக்கு 2023இல் 1,000 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. கனடா பாதி, ஒன்டாரியோ பாதி. முதலாம் ஒப்பந்தத்தில் அந்தப் பிரிவு இல்லை. எனவே இங்கே வாதம் கடினம். ஆனால் "கையெழுத்துப் போட்டாயிற்று" என்பதோடு கதை முடிந்துவிடாது.

---

கணக்கர் எழுதியது:

சரி, 1871ஐ விடுங்கள். 1907க்கு வாருங்கள். அங்கே வாக்கெடுப்பே நடந்திருக்கிறது. நிலத்தை ஒப்படைக்க 107 பேர் ஆதரவு, 98 பேர் எதிர்ப்பு. பெரும்பான்மை. அவர்களே விற்றார்கள், பணம் வாங்கினார்கள், போனார்கள். இதில் யார் யாரை ஏமாற்றியது?

---

செவ்வாற்றங்கரை எழுதியது:

இதற்குத்தான் காத்திருந்தேன். :)

முதலில் இடம். செயின்ட் பீட்டர்ஸ் ரிசர்வ், செல்கிர்க் ஊரை ஒட்டி, செவ்வாற்றின் இரு கரையிலும் ஏறத்தாழ 48,000 ஏக்கர். மனிடோபாவின் நல்ல விவசாய மண். 1830களிலிருந்தே அங்கே ஆங்கிலிக்கன் மிஷன், பாதிரியார் காக்ரன், கோதுமை, உருளைக்கிழங்கு, மாடு, மரவீடு. 1853இல் கட்டிய கல் தேவாலயம் இன்றும் நிற்கிறது, பெக்விஸின் கல்லறை அதன் முற்றத்தில்தான். 'இந்தியர்கள்' (அரசுத் தாள்களில் முதற்குடிகளுக்கு அதுதான் பெயர்) எப்படி ஆக வேண்டும் என்று அரசு விரும்பியதோ, அப்படியே ஆகியிருந்தவர்கள்: விவசாயி, கிறிஸ்தவர், எழுதப் படிக்கத் தெரிந்தவர், அரச விசுவாசி. ஏறக்குறைய நாற்பது வருஷம் ஒப்பந்தத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் காத்தவர்கள்.

ஆனால் மண் நன்றாக இருந்தது, பக்கத்தில் ஊர் வளர்ந்தது. செல்கிர்க் வியாபாரிகளுக்கும் நில தரகர்களுக்கும் கண் அதன் மேல்தான். ஊருக்குப் பக்கத்தில் இருந்தால் மது கெடுத்துவிடும், அவர்கள் நன்மைக்காகவே தள்ளிப் போகட்டும் என்று ஒரு காரணம் சொன்னார்கள்.

இப்போது வாக்கெடுப்பு. 1907 செப்டம்பர் 24. சில நாள் முன்னறிவிப்பு, அவ்வளவுதான். பலர் மீன்பிடிக்கவும் வேலைக்கும் வெளியே போயிருந்த காலம். கூட்டம் நடந்த பள்ளிக் கட்டடத்தில் எல்லோரும் நுழைய இடமில்லை. இந்தியர் விவகாரத் துறையின் துணைத் தலைமை அதிகாரி ஃபிராங்க் பெட்லியே ஒட்டாவாவிலிருந்து வந்திருந்தார், கைப்பையில் 5,000 டாலர் ரொக்கத்தோடு. ஒப்புக்கொண்டால் இங்கேயே பிரித்துத் தருவேன், இல்லாவிட்டால் திரும்ப எடுத்துப் போய்விடுவேன் என்றார். கடைசியில் வெளியே இரண்டு அணியாகப் பிரியச் சொன்னார்கள். நிலத்தை ஒப்படைக்கச் சம்மதமா என்று கேட்கவில்லை, தொண்ணூறு டாலர் வேண்டும் என்பவர்கள் தலைவர் நிற்கும் பக்கம் போங்கள் என்றுதான் அவர்கள் மொழியில் கூவினார்கள் என்று அங்கே இருந்தவர்கள் பின்னால் சாட்சி சொன்னார்கள்.

தலைவருக்கும் ஆலோசகர்களுக்கும் தனிப் பங்கு: தலைவருக்கு 180 ஏக்கர், ஆலோசகர்களுக்கு 120 ஏக்கர். மற்றவர்களுக்குத் தலைக்கு 16 ஏக்கர். அந்த 16 ஏக்கர் பட்டாக்களும் சூட்டோடு சூடாகத் தரகர்கள் கைக்கு, பல இடங்களில் அடிமாட்டு விலைக்குப் போயின.

107, 98 என்ற எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு ஜனநாயகம் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

---

கணக்கர் எழுதியது:

ரொக்கத்தைக் காட்டினார் என்பது அசிங்கம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அசிங்கமான விற்பனை வேறு, செல்லாத விற்பனை வேறு. அந்தக் காலச் சட்டப்படியே அது செல்லாதா?

---

வழக்குரை எழுதியது:

செல்லாது என்று அந்தக் காலத்திலேயே சொல்லிவிட்டார்கள்.

இந்தியர் சட்டப்படி ரிசர்வ் நிலத்தை ஒப்படைக்க, அதற்கென்றே அந்தச் சமூகத்தின் வழக்கப்படி கூட்டப்பட்ட கூட்டத்தில் வயதுவந்த ஆண்களின் பெரும்பான்மைச் சம்மதம் வேண்டும். இதன் வேர் 1763 அரச பிரகடனம்: முதற்குடி நிலத்தைத் தனியார் வாங்கக்கூடாது, பொதுக் கூட்டத்தில் அரசுக்கு மட்டுமே கொடுக்கலாம். தரகர்களிடமிருந்து காப்பாற்றக் கொண்டுவந்த விதி. காவலாக வைத்த அதே விதியைக் கொண்டு நிலத்தை எடுத்ததுதான் 1907இன் கூத்து.

1911இல் மூன்று நீதிபதிகள் கொண்ட ஆணையம் விசாரித்தது. இருவர் அந்த ஒப்படைப்பு செல்லாது என்றார்கள். அரசு என்ன செய்தது? நிலத்தைத் திருப்பித் தரவில்லை. 1916இல் செயின்ட் பீட்டர்ஸ் ரிசர்வ் சட்டம் என்று ஒன்றைப் போட்டு, வாங்கியவர்கள் ஏக்கருக்கு ஒரு டாலர் கூடுதலாகக் கட்டினால் அவர்கள் பட்டா செல்லும் என்று சட்டத்தால் மெழுகிவிட்டது.

அடுத்த பூட்டு 1927இல். நிலக் கோரிக்கைக்காக அரசின் அனுமதியில்லாமல் முதற்குடிகளிடம் பணம் திரட்டுவதே குற்றம் என்று இந்தியர் சட்டத்தில் பிரிவு 141 சேர்ந்தது. வக்கீலுக்குக் கட்டணம் கொடுக்க வழியே இல்லை. 1951 வரை அது இருந்தது. "ஏன் இத்தனை வருஷம் சும்மா இருந்தார்கள்" என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

---

பொடியன்77 எழுதியது:

இதைப் படிச்சா நம்ம ஊர்ல, ஈழத்துல நடந்த நில அபகரிப்புகளும்...

---

நடத்துநர் எழுதியது:

தம்பி, அதற்குத் தனி இழை இருக்கிறது. அங்கே எழுதுங்கள். இங்கே மனிடோபா மட்டும்.

---

யாழினி_ஸ்கார்பரோ எழுதியது:

சரி, நடத்துநர் சொன்னதுக்குள்ளயே நிக்கிறன். எனக்கு ஒரு கேள்வி. அந்த 98 பேரும் பிறகு என்ன செய்தவை? எல்லாரும் வடக்க போயிட்டினமோ?

---

செவ்வாற்றங்கரை எழுதியது:

உடனே போகவில்லை. பலர் பல வருஷம் அசையாமல் பழைய இடத்திலேயே இருந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கி அனுப்பினார்கள். ஃபிஷர் ஆற்றங்கரையில் கொடுத்த புதிய ரிசர்வ் 75,000 ஏக்கர், கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் காடும் சதுப்பும். அரை நூற்றாண்டு உழுது பண்படுத்திய வயலை விட்டுவிட்டு மறுபடியும் மரம் வெட்டுவதிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

ஃபிஷர் ஆறு வெள்ளம் வரும் ஆறு. 2009, 2011, 2014 என்று வரிசையாக வந்தது. 2022 வசந்தத்தில் வந்தது மிக மோசம். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளியேற்றப்பட்டார்கள், நூற்றுக்கணக்கான வீடுகள் பாழ். பல குடும்பங்கள் வின்னிபெக் ஹோட்டல் அறைகளில் வருஷக்கணக்கில் இருந்தன. அந்த ஹோட்டல் வாசலில் பள்ளிப் பேருந்துக்கு நிற்கும் பிள்ளைகளைக் காலையில் பார்த்திருக்கிறேன். வின்னிபெக் நகரைக் காக்க 1960களிலேயே வெள்ள வடிகால் வெட்டிவிட்டார்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

---

கணக்கர் எழுதியது:

செல்கிர்க் பக்கமும் வசந்தத்தில் ஐஸ் அடைத்து வெள்ளம் வருகிற இடம்தான். பழைய இடத்திலேயே இருந்திருந்தால் வெள்ளமே வந்திருக்காது என்பது போல எழுத வேண்டாம்.

---

செவ்வாற்றங்கரை எழுதியது:

அப்படிச் சொல்லவில்லை. 1826லும் 1852லும் செவ்வாறே ஊரை மூழ்கடித்திருக்கிறது. எந்த வெள்ளத்தோடு வாழ்வது என்பதை அவர்கள் முடிவு செய்யவில்லை என்பதுதான் என் வாதம்.

---

வழக்குரை எழுதியது:

இழப்பீட்டுப் பகுதியைச் சுருக்கமாக முடிக்கிறேன். 1907 ஒப்படைப்பு செல்லாது என்று கனடா அரசு 1998இல் ஒப்புக்கொண்டது. 2009இல் 11 கோடியே 87.5 லட்சம் டாலருக்குச் சமரசம், அதை மக்கள் வாக்கெடுப்பில் ஏற்றார்கள். இந்த முறை முறையான அறிவிப்போடு. ஏக்கர் கணக்கில் வகுத்தால் சுமார் 2,500 டாலர் வரும். நூறாண்டு விளைச்சல், வளர்ந்த நகரத்தின் மதிப்பு எல்லாம் அதற்குள் அடக்கம்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொன்று உண்டு. 1871 ஒப்பந்தப்படி அவர்களுக்கு வந்திருக்க வேண்டிய நிலமே முழுதாக அளந்து கொடுக்கப்படவில்லை. அதற்கான ஒப்பந்தம் 2008இல். 1,66,000 ஏக்கருக்கு மேல் சேர்க்கலாம், ஒரு பகுதி அரசு நிலம், பெரும்பகுதி சந்தையில் விலை கொடுத்து வாங்க வேண்டியது. தங்களுக்கு வாக்களித்த நிலத்தை விற்பவரைத் தேடிப் பிடித்துத் தாங்களே வாங்க வேண்டும். அதற்குப் பெயர் 'நிலுவை தீர்த்தல்'.

---

கணக்கர் எழுதியது:

செல்லாத விற்பனை என்பதை ஏற்கிறேன். 1911 ஆணையமும் 1916 சட்டமும் சேர்ந்து பார்த்தால் வேறு வழி இல்லை. ஆனால் உங்கள் மைய வாதத்தில் எனக்கு இன்னும் சந்தேகம். "விசுவாசமாக இருந்தும் இப்படி ஆயிற்று" என்கிறீர்கள். விசுவாசம் இல்லாதவர்களுக்கு என்ன ஆயிற்று? ரியெலைத் தூக்கிலிட்டார்கள். பெக்விஸ் மக்களுக்காவது ரிசர்வும் இழப்பீடும் மிஞ்சியது.

---

செவ்வாற்றங்கரை எழுதியது:

மிஞ்சியது உண்மை. ஆனால் அது விசுவாசத்துக்குக் கிடைத்த பலனா, நூறு வருஷம் வழக்கை விடாமல் பிடித்துக்கொண்டதற்குக் கிடைத்த பலனா? தாமி பிரின்ஸைப் பாருங்கள், பெக்விஸின் வழித்தோன்றல். இரண்டாம் உலகப் போரில் இத்தாலியிலும் பிரான்சிலும் போரிட்டு, பிரிட்டிஷ் இராணுவப் பதக்கமும் அமெரிக்க வெள்ளி நட்சத்திரமும் வாங்கினார். கொரியாவுக்கும் போனார். ரிசர்வில் இருந்த முதற்குடிகளுக்கு நிபந்தனையில்லாத கூட்டாட்சி வாக்குரிமை வந்தது 1960இல். அவர் 1947இலேயே நாடாளுமன்றக் குழு முன் நின்று ஒப்பந்த உரிமைகளைப் பற்றி வாதாடினார். அந்தக் குழு காதில் வாங்கிக்கொண்டது. அவ்வளவுதான்.

பெக்விஸுக்கே 1835இல் கம்பெனி ஆளுநர் ஜார்ஜ் சிம்ப்சன் ஆண்டுக்கு ஐந்து பவுண்டு மானியம் கொடுத்தார், குடியேறிகளுக்குச் செய்த உதவிக்காக. கில்டோனன் பூங்காவில் அவருக்கு நினைவுச் சின்னம் வைத்தது செல்கிர்க் குடியேறிகளின் வழிவந்தவர்கள், 1920களில். அப்போது அவருடைய மக்களிடமிருந்து ஆற்றங்கரை நிலத்தை எடுத்துப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

---

யாழினி_ஸ்கார்பரோ எழுதியது:

வின்னிபெக்கில பழைய இராணுவ முகாம் இடத்தை முதலாம் ஒப்பந்தக் குடிகளுக்குக் குடுத்ததெண்டு செய்தியில பாத்தன். அதில பெக்விஸும் இருக்கோ?

---

செவ்வாற்றங்கரை எழுதியது:

இருக்கிறது. கேப்யாங் பாசறை. 2004இல் படை வெளியேறியது. அரசு அதைத் தன் நிறுவனத்துக்கே கைமாற்றப் பார்த்தது, முதற்குடிகள் நீதிமன்றம் போய் நிறுத்தினார்கள். 2019இல் உடன்பாடு, 2022 டிசம்பரில் ஏறத்தாழ 109 ஏக்கர் ரிசர்வாக ஆனது. முதலாம் ஒப்பந்தத்தின் ஏழு குடிகளுக்கும் கூட்டாகச் சொந்தம். நாவி-ஊடெனா என்று பெயர். வீடுகள், கடைகள் கட்டும் வேலை நடக்கிறது. அந்தப் பக்கம் போனால் கெனாஸ்டன் சாலையில் பலகை தெரியும்.

---

கணக்கர் எழுதியது:

1916 சட்டத்தின் வாசகம் யாரிடமாவது இருந்தால் போடுங்கள். அந்த ஒரு டாலர் யார் கணக்குக்குப் போனது என்று பார்க்க வேண்டும்.